நெஞ்சு கரிப்பு, ஆப்ப சோடா, டாக்டர் பாரெட்

முதல்லயே ஒரு டிஸ்கி போட்டுடறேன். நான் டாக்டர் இல்லை. படிச்சது இன்ஜினியரிங், சோறு போடறது சாஃப்ட்வேர், வரலாறு படிக்கிறது வெட்டி நேரப் பொழுதுபோக்கு. அதனால இதைப் படிச்சுட்டு யாரும் மாத்திரையை நிறுத்தவோ புதுசா ஆரம்பிக்கவோ வேணாம். "நெஞ்சு கரிச்சா கேன்சர் வரும்" அப்படின்னு வாட்ஸப்ல சுத்துற ஒத்தை வரிக்குப் பின்னாடி நூறு வருஷத்துக்கும் மேல நீளமான ஒரு கதை இருக்கு. அதுல பாதி நமக்குப் பொருந்தும், பாதி பொருந்தாது. எது பொருந்தும்னு பார்க்கத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கிட்டு உக்காருங்க (ரொம்பச் சூடா வேணாம், காரணம் பின்னாடி வருது :-) ).

எங்க பக்கம், அதாவது வேலூர்ல இருந்து கணியம்பாடி வழியாப் போனா ஜவ்வாது மலை அடிவாரத்துல வர்ற அமிர்தி பக்கம், இந்த உபாதைக்கு வார்த்தைப் பஞ்சமே கிடையாது. நெஞ்சு கரிக்குது, நெஞ்சு எரியுது, புளிச்ச ஏப்பம் வருது, எதுக்களிக்குது. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது கடைசி வார்த்தைதான். எழுத்துத் தமிழ்ல எதிர்க்களித்தல். உள்ளே போனது எதிர்த்துக்கிட்டு மேலே வருது. இங்கிலீஷ்காரன் 'ஹார்ட்பர்ன்' அப்படின்னு இதயத்து மேல பழியைப் போட்டான். நம்ம ஆளுங்க திசையைச் சரியாச் சொல்லிட்டாங்க. சித்த மருத்துவத்துல வயித்து உபாதைகளை குன்மம்னு சொல்லி எட்டு வகையாப் பிரிச்சு வெச்சிருக்காங்க, அதுல எரிகுன்மம்னே ஒண்ணு உண்டு. கை வைத்தியம்னா ஒரு டம்ளர் தண்ணியில ஒரு சிட்டிகை ஆப்ப சோடா. அமிலமும் காரமும் சேர்ந்தா ஒரு பெரிய ஏப்பம், அப்புறம் நிம்மதி. பத்தாவது கெமிஸ்ட்ரி, அவ்ளோதான்.

இரைப்பைக்குள்ள சுரக்கிறது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதைத் தாங்க இரைப்பைக்கு தனியா ஒரு உள்தோல் உண்டு: நெடுநெடுன்னு நிக்கிற தூண் வடிவ செல்கள், மேலே கோழைப் பூச்சு. ஆனா வாயில இருந்து இரைப்பைக்கு இறங்குற உணவுக்குழாய், சுமார் 25 செ.மீ. நீளம், அதோட உள்தோல் வேற மாதிரி. வாய்க்குள்ள இருக்கிற மாதிரியே தட்டைத் தட்டையான செல்கள், ஓடு அடுக்கின மாதிரி. சூடு, உரசல் தாங்கும், அமிலம் தாங்காது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு வால்வு. அது தளர்ந்தா எதுக்களிப்பு. இந்தத் தட்டைச் செல், தூண் செல் ரெண்டையும் மனசுல வெச்சுக்கோங்க, மொத்தக் கதையும் இதுங்க மேலதான் ஓடுது.

அமிலம் மேலே வந்து குழாயைப் புண்ணாக்கும் அப்படிங்கறது இன்னிக்கு நமக்கு பச்சைக் குழந்தைக்கும் தெரிஞ்ச விஷயம் மாதிரி இருக்கு. ஆனா டாக்டர்கள் இதை ஒத்துக்கவே ரொம்ப நாள் ஆச்சு. அதுக்கு ஒரு நியாயமான காரணமும் இருந்துச்சு. 1772-ல ஜான் ஹன்டர் என்கிற சர்ஜன், செத்த பிறகு இரைப்பை தன் சாறாலேயே தன்னை அரிச்சுக்கும்னு எழுதினார். உண்மைதான். ஆனா அதோட பக்கவிளைவு என்னன்னா, பிணத்தை அறுத்துப் பார்க்கும்போது உணவுக்குழாயில புண் தெரிஞ்சா "அது செத்த பிறகு வந்தது" அப்படின்னு தள்ளி விட ஒரு சாக்கு கிடைச்சிடுச்சு. உயிரோட இருக்கறவங்க உள்ளே எட்டிப் பார்க்கவோ சுலபமான வழி இல்லை. 1879-ல ஜெர்மனியில ஹைன்ரிஷ் க்விங்கெ, 1906-ல அமெரிக்காவுல வைல்டர் டைல்ஸ்டன், ரெண்டு பேரும் இது உயிரோட இருக்கும்போதே வர்ற புண்தான்னு எழுதினாங்க. பெருசா யாரும் கண்டுக்கலை. 1935-ல நியூயார்க்ல ஆஷர் விங்கல்ஸ்டைன் அஞ்சு நோயாளிகளை வெச்சு, இதுக்குக் காரணம் இரைப்பைச் சாறுதான், இது ஒரு தனி நோய்னு சொன்ன பிறகுதான் ஓரளவு கவனிச்சாங்க.

அதே காலத்துல நம்ம பக்கம் என்ன நடந்துக்கிட்டு இருந்துச்சு? இங்க ஒரு சுவாரசியமான ஆள் வர்றார். தியடோர் ஹோவர்ட் சாமர்வெல். 1922-லயும் 1924-லயும் எவரெஸ்ட் ஏறப் போன பிரிட்டிஷ் குழுக்கள்ல இருந்த சர்ஜன். 1922 பயணம் முடிஞ்சதும் இந்தியாவைச் சுத்திப் பார்க்க இறங்கினவர், தெற்கே நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில கூட்டம் அலைமோதறதையும் அதுக்கு ஈடு கொடுக்க ஆள் இல்லாததையும் பார்த்துட்டு, லண்டன் வேலையை விட்டுட்டு அங்கேயே தங்கிட்டார். நடுவுல 1924-ல மறுபடி எவரெஸ்ட். ஆக்ஸிஜன் இல்லாம 28,000 அடி உயரத்துக்குப் போயிட்டு இறங்கும்போது தொண்டையில ஏதோ அடைச்சு மூச்சே நின்னு போச்சு. நெஞ்சைக் கையால ஓங்கி அமுக்கி இருமினா, வெளியே வந்தது அவரோட குரல்வளையின் உள்தோல். பனியில உறைஞ்சு செத்து உரிஞ்சு வந்திருக்கு. மனுஷன் ரத்தத்தைத் துப்பிட்டு இறங்கி வந்துட்டார்!

நெய்யூர் அப்போ திருவிதாங்கூர் சமஸ்தானம். அங்க சாமர்வெல் பார்த்த நோய்கள்ல பெரிய கூட்டம் வயித்துப் புண், அதாவது இரைப்பைக்கு அடுத்து வர்ற முன்சிறுகுடல்ல வர்ற அல்சர். ஐரோப்பாவுல பார்த்ததை விட எக்கச்சக்கம். ஆபரேஷன் மேல ஆபரேஷன். 1936-ல தன் சக டாக்டர் ஆர் என்பவரோட சேர்ந்து பிரிட்டிஷ் சர்ஜரி இதழ்ல கட்டுரையே எழுதினார். ஏன் தெற்கே மட்டும் இவ்வளவு, சாப்பாடா, மிளகாயா, மரவள்ளியா, சத்துக் குறைவான்னு ஆளாளுக்கு ஒரு தியரி. அப்புறம் 1949-ல சாமர்வெல் எங்க வேலூருக்கே வந்துட்டார். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில 1961 வரைக்கும் சர்ஜரி சொல்லிக் கொடுத்தார். (ஒரு கொசுறு: நெய்யூர் மெட்ராஸ் மாநிலத்துல சேர்ந்தது 1956 நவம்பர்ல. டாக்டர் ஏழு வருஷம் முன்னாடியே சேர்ந்துட்டார்.) அப்புறம் ரயில்வே டாக்டர் மல்ஹோத்ரா, 1964-ல வடக்கத்தி ரயில்வே ஊழியர்களையும் தெற்கத்தி ஊழியர்களையும் ஒப்பிட்டு, அரிசி சாப்பிடறவங்களுக்கு அல்சர் அதிகம், கோதுமை ரொட்டியை மென்னு தின்னும்போது எச்சில் நிறைய ஊறுது, அதுதான் காப்பாத்துதுன்னு எழுதினார்.

எதுக்கு இவ்வளவு தூரம் அல்சர் கதைன்னா, நம்ம ஊர்ல அமிலம்னாலே எல்லார் மனசுலயும் இருந்தது கீழே இருக்கிற புண்தான். 'அல்சர் இருக்கு' அப்படின்னு சொல்றவங்கள்ல எத்தனை பேருக்கு உண்மையில எதுக்களிப்புன்னு யாரும் பிரிச்சுப் பார்த்ததில்லை. எங்க ஊர்ல இன்னிக்கும் நெஞ்சு எரிஞ்சா "அல்சர்" தான். மேலே போற அமிலத்தைப் பத்தின சண்டை நடந்தது இங்கிலாந்துல.

இனிமே பாரெட் கதை. நார்மன் பாரெட், 1903-ல ஆஸ்திரேலியா அடிலெய்டுல பிறந்து லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில சர்ஜனா இருந்தவர். 1950-ல ஒரு கட்டுரை எழுதினார். சில நோயாளிகளுக்கு நெஞ்சுக்குள்ள, உணவுக்குழாய் இருக்க வேண்டிய இடத்துல, தூண் செல் உள்தோலோட ஒரு குழாய் இருக்கு, அதுல புண் வருது. இது என்ன? பாரெட் சொன்ன பதில்: அது உணவுக்குழாயே இல்லை. இரைப்பை. பிறவியிலேயே உணவுக்குழாய் குட்டையா இருந்ததால இரைப்பை மேலே இழுபட்டு நெஞ்சுக்குள்ள வந்துடுச்சு.

எப்படி இந்த முடிவுக்கு வந்தார்னு பாருங்க, புரோகிராம் எழுதறவங்களுக்கு இது ரொம்பப் பழகின தப்பு. 'தட்டைச் செல் உள்தோல் இருக்கிற குழாய்தான் உணவுக்குழாய்' அப்படின்னு முதல்லயே டெஃபனிஷன் வெச்சுக்கிட்டார். அப்புறம் தூண் செல் இருந்தா அது உணவுக்குழாய் ஆகவே முடியாது இல்லையா? தர்க்கத்துல ஓட்டையே இல்லை. டெஃபனிஷன்லதான் ஓட்டை.

அதைப் பிடிச்சது லீட்ஸ் நகரத்து சர்ஜன் பிலிப் ஆலிசன். இவர் 1951-லேயே எதுக்களிப்பும் ஹயாட்டஸ் ஹெர்னியாவும் எப்படி ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து புண்ணாக்குதுன்னு எழுதினவர். 1953-ல எக்ஸ்ரே நிபுணர் ஜான்ஸ்டன் என்பவரோட சேர்ந்து ஏழு பேரோட கேஸை விரிவா எழுதினார். உள்தோலை விடுங்க, வெளியே பாருங்கன்னார். இரைப்பையைச் சுத்தி இருக்க வேண்டிய சவ்வு அங்க இல்லை. தசை அடுக்கு உணவுக்குழாயோடது. உணவுக்குழாய்க்கே உரிய சுரப்பிகள் இருக்கு. நடுவுல அங்கங்க தட்டைச் செல் தீவு மாதிரி மிச்சம் இருக்கு. ஆக, இது சாட்சாத் உணவுக்குழாய்தான், உள்தோல் மட்டும் மாறியிருக்கு. இதுல வேடிக்கை என்னன்னா, அந்தத் தூண் செல் பகுதியில வர்ற புண்ணுக்கு 'பாரெட் புண்' அப்படின்னு பேர் வெச்சதும் ஆலிசன்தான். தப்பாச் சொன்னவர் பேர் நிலைச்சுது, சரியாச் சொன்னவரை யாருக்கும் தெரியாது. பாரெட்டையும் குறை சொல்லக் கூடாது. 1957-ல இன்னொரு கட்டுரை எழுதி, ஆமா இது உணவுக்குழாய்தான்னு ஒத்துக்கிட்டார். ஆனாலும் பிறவியிலேயே வந்ததா இருக்கும்னு ஒரு எண்ணம் அவர்கிட்ட மிச்சம் இருந்துச்சு.

அந்த மிச்சத்தை உடைச்சது 1970-ல செட்ரிக் பிரெம்னர் குழுவோட நாய்ச் சோதனை. உணவுக்குழாயோட அடிப்பகுதி உள்தோலை உரிச்சு எடுத்துட்டு, சில நாய்களுக்கு அமிலம் மேலே வர்ற மாதிரி பண்ணாங்க. அமிலம் வராத நாய்களுக்கு பழையபடி தட்டைச் செல் வளர்ந்துச்சு. அமிலம் வந்த நாய்கள்ல தூண் செல் முளைச்சுது. அதாவது உடம்பு, "இங்க தினமும் அமிலம் வருது, அமிலம் தாங்குற தோலைப் போடு" அப்படின்னு பேட்ச் போட்டுக்குது. நல்ல பேட்ச்தான், எரிச்சல் கூட குறையுது. பாரெட் உள்தோல் வந்தவங்களுக்கு அமிலம் பட்டா உறைக்கிறது கம்மி. பல வருஷம் கரிச்சுக்கிட்டு இருந்தது தானா அடங்கிடுச்சுன்னு சந்தோஷப்படறவங்கள்ல சில பேருக்கு உள்ளே நடந்திருக்கிறது இதுதான்.

ஆனா இந்தப் பேட்ச்ல ஒரு பக் இருக்கு. 1952-லயே மோர்சன், பெல்ச்சர் ரெண்டு பேரும் இப்படிப்பட்ட தூண் செல் பகுதியில அடினோகார்சினோமா வகைப் புற்று வந்த ஒரு கேஸை எழுதினாங்க. ஒரே ஒரு கேஸ். அதை வெச்சு யார் என்ன சொல்ல முடியும்? நிறைய பேருக்கு உள்ளே பார்த்தால்தான் தெரியும். பார்க்கறதுக்கு அப்போ இருந்தது நேரான இரும்புக் குழாய், சர்க்கஸ்ல கத்தி முழுங்கற மாதிரி தலையை அண்ணாந்து முழுங்கணும்.

இங்க ஒரு பஞ்சாபிக்காரர் உள்ளே வர்றார். மோகாவுல பிறந்த நரிந்தர் சிங் கபானி. 1954-ல லண்டன்ல ஹாப்கின்ஸ் என்கிற பேராசிரியரோட சேர்ந்து, முடி மாதிரி மெல்லிசான கண்ணாடி இழைகளைக் கத்தையாக் கட்டி, அதை வளைச்சாலும் ஒரு முனையில இருக்கிற படம் இன்னொரு முனையில தெரியும்னு காட்டினார். அந்தக் கட்டுரையைப் படிச்சுட்டு அமெரிக்காவுல மிச்சிகன்ல இருந்து பேசில் ஹிர்ஷோவிட்ஸ் என்கிற டாக்டர் லண்டனுக்கே வந்து பார்த்துட்டுப் போனார். 1957-ல வளையற எண்டோஸ்கோப் ரெடி. முதல்ல அதை முழுங்கினது யார்னு நினைக்கறீங்க? அவரேதான். இப்போ நீங்க இதைப் படிக்கிற இன்டர்நெட் வர்ற ஒளி இழைக்கும் அதுக்கும் ஒரே தாத்தா. எங்க ஜவ்வாது மலையிலேயே இன்னொரு பக்கம் காவலூர்ல 2.3 மீட்டர் டெலஸ்கோப் 1986-ல இருந்து வானத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கு. மலை அடிவாரத்துல இருந்து வேலூருக்கு பஸ் ஏறி வர்ற ஜனங்க வயித்தை அதே ஒளியியலோட இன்னொரு பிள்ளை பார்க்குது. மனுஷனுக்கு தூரத்து நட்சத்திரத்தை விட சொந்த நெஞ்சுக்குள்ள பார்க்கத்தான் ரொம்ப நாள் ஆச்சு.

பார்க்க ஆரம்பிச்சதும் கேஸ் சேர்ந்துச்சு. 1975-ல சுவிட்சர்லாந்துல நேஃப், சவாரி, ஒட்ஸெல்லோ மூணு பேரும் 140 பாரெட் நோயாளிகளைப் பத்தி எழுதினாங்க, அதுல 12 பேருக்கு அடினோகார்சினோமா. கட்டுரைத் தலைப்புலயே இது பிறவியில வந்ததில்லை, பிற்பாடு வந்தது, புற்றுக்கு இடம் கொடுக்கிறதுன்னு அடிச்சுச் சொல்லிட்டாங்க. 1991-ல அமெரிக்காவுல பிளாட் குழு இன்னொரு அதிர்ச்சி கொடுத்தது. 1976-ல இருந்து 1987 வரைக்கும் இந்தப் புற்று அங்கே ஆண்கள்கிட்ட வருஷத்துக்கு 4-ல இருந்து 10 சதவீதம் ஏறிக்கிட்டு இருக்கு. அதுவும் குறிப்பா வெள்ளைக்கார ஆண்கள்கிட்ட.

சரி, எதுக்களிப்புக்கும் புற்றுக்கும் நேரடியா முடிச்சுப் போட்டது 1999-ல ஸ்வீடன்ல. யெஸ்பர் லாகர்கிரென் குழு. புற்று வந்தவங்களையும் வராதவங்களையும் நேர்ல உக்கார வெச்சு, உங்களுக்கு வாரத்துக்கு ஒரு தடவையாவது நெஞ்சு கரிச்சுதா, எத்தனை வருஷமான்னு கேட்டாங்க. புற்று இல்லாத 820 பேர்ல 16 சதவீதம் பேருக்கு அப்படி இருந்திருக்கு. உணவுக்குழாய் அடினோகார்சினோமா வந்த 189 பேர்ல 60 சதவீதம். கணக்குப் போட்டா, வாராவாரம் கரிக்கறவங்களுக்கு அபாயம் 7.7 மடங்கு. 20 வருஷத்துக்கு மேல கடுமையா இருந்தவங்களுக்கு 43.5 மடங்கு. உலகம் பூரா பத்திரிகையில வந்தது இந்த 43.5 தான்.

ஆனா அதே கட்டுரையில மூணாவதா ஒரு கூட்டம் உண்டு, அதை யாரும் ஃபார்வர்ட் பண்றதில்லை. உணவுக்குழாய்லயே தட்டைச் செல்ல இருந்து வர்ற இன்னொரு புற்று, ஸ்குவாமஸ் வகை. அது வந்த 167 பேரையும் கேட்டாங்க. அவங்கள்ல நெஞ்சு கரிச்சவங்க எத்தனை? அதே 16 சதவீதம். புற்றே இல்லாத ஆளுங்க மாதிரியே. அதாவது எதுக்களிப்புக்கும் அந்தப் புற்றுக்கும் சம்பந்தம் இல்லை.

இதுல எனக்கு என்ன இவ்வளவு அக்கறைன்னு கேட்டா, எங்க பெரியப்பா. அமிர்தி தாண்டி காட்டு ஓரத்துல நிலம், சாமையும் கொள்ளும் போடுவார். எனக்கு நினைவு தெரிஞ்ச நாளா நெஞ்சு கரிக்குதுன்னு ஆப்ப சோடா குடிப்பார். 2019-ல முதல்ல களி இறங்கலைன்னார், அப்புறம் சோறு, அப்புறம் கஞ்சி. வேலூர்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரியில எண்டோஸ்கோபி பண்ணிப் பார்த்தா உணவுக்குழாய்ல புற்று. நடுப்பகுதியில. ஆறு மாசம் தாங்கலை. கரிப்பைக் கவனிக்காம விட்டதால வந்த வினைன்னு வீட்ல எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க. எங்க அம்மாவுக்கும் இருபது வருஷமா அதே உபாதை. "எனக்கும் அதே தாண்டா வரும்" அப்படின்னு கார சாரம் எல்லாத்தையும் விட்டு, பாதி சாப்பாடுதான் சாப்பிட்டாங்க. ராத்திரி கரிச்சா தூங்காம உக்காந்திருப்பாங்க.

பெரியப்பாவோட ரிப்போர்ட்டை நான் எடுத்துப் படிச்சேன். ஸ்குவாமஸ் செல் கார்சினோமா. பாரெட்டும் இல்லை, தூண் செல்லும் இல்லை. அவர் இடுப்புல ஆப்ப சோடா பொட்டலத்துக்குப் பக்கத்துலயே இன்னொரு சுருக்குப் பை இருக்கும். வெத்தலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டு காய்ஞ்ச புகையிலை. பன்னண்டு வயசுல இருந்து.

இதுதான் நான் சொல்ல வந்த விஷயம். இந்தியாவுல உணவுக்குழாய்ப் புற்றுன்னா பெரும்பாலும் இந்த ஸ்குவாமஸ் வகைதான். உலகம் முழுக்கக் கணக்கெடுத்தாலும் பத்துல எட்டுக்கு மேல அதுதான். சென்னையில அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1982-ல இருந்து நகரத்துப் புற்றுநோய்க் கணக்கை வருஷா வருஷம் எடுத்துக்கிட்டு வருது, அதுல உணவுக்குழாய்ப் புற்று முன்வரிசையில வர்றது ஒண்ணும் புதுசில்லை. நம்ம பாட்டன் காலத்துல இருந்து இருக்கறது. காரணம் அமிலம் இல்லை: புகையிலை, சாராயம், வெத்தலை பாக்கு. புகையிலை இல்லாத வெறும் பாக்குகூட புற்று உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-ல வெளியிட்ட தொகுதியில தெளிவாச் சொல்லியிருக்கு. அதே அமைப்பு 2016-ல, 65 டிகிரிக்கு மேல கொதிக்கக் கொதிக்கக் குடிக்கிற எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுக்குக் காரணமாகலாம்னு சொன்னது. ஆத்திக் குடிக்கிற நம்ம பழக்கம் நல்லதுதான். டீ ஆறிடுச்சா?

லண்டன், ஸ்டாக்ஹோம் டாக்டர்கள் கண்டுபிடிச்சது நிஜம். ஆனா அவங்க ஊர் நோயாளிக்கான பதிலை நம்ம ஊர் நோயாளி மேல அப்படியே காப்பி பேஸ்ட் பண்ணினா என்ன ஆகும்? எங்க வீட்ல ஆன மாதிரி ஆகும். கார குழம்பு நின்னு போச்சு. வெத்தலைப் பெட்டி திண்ணையில அப்படியே இருக்கு. பெரியப்பா காரியத்துக்கு வந்த கூட்டத்துல பாதிப் பேர் புகையிலையை அதக்கிக்கிட்டுத்தான் "பாவம், கேஸ் ட்ரபுளை கவனிக்காம விட்டுட்டார்" அப்படின்னு பேசிக்கிட்டு இருந்தாங்க. எங்க அத்தை இன்னிக்கும் போடறாங்க. சொன்னா, "நான் ஒண்ணும் காரம் திங்கறதில்லடா கண்ணு" அப்படிங்கறாங்க.

அதுக்காக எதுக்களிப்பு நமக்கு ஒண்ணும் பண்ணாதுன்னும் சொல்ல முடியாது. அடினோகார்சினோமா இங்கயும் வருது, கம்மியா. இந்திய இரைப்பைக்குடல் மருத்துவர்கள் சங்கம் 2011-ல வெளியிட்ட கணக்குல, கேட்டுப் பார்த்த 3,224 பேர்ல 7.6 சதவீதம் பேருக்கு எதுக்களிப்பு நோய் இருந்தது. தொப்பை பெருக்கப் பெருக்க வயித்து அழுத்தம் கூடி வால்வு தளரும். நாள் பூரா நாற்காலியில உக்காந்து, நடு ராத்திரி பிரியாணி ஆர்டர் பண்ணி, அப்படியே படுக்கற எங்க தலைமுறை எந்தப் பக்கம் போய்க்கிட்டு இருக்குன்னு நான் தனியாச் சொல்ல வேணாம்.

இன்னொரு திருகலும் இருக்கு. சாமர்வெல்லும் மல்ஹோத்ராவும் மண்டையை உடைச்சுக்கிட்ட தென்னிந்திய அல்சருக்குப் பெரும்பாலான காரணம் அரிசியும் இல்லை மிளகாயும் இல்லை, ஹெலிகோபாக்டர் பைலோரி என்கிற ஒரு கிருமின்னு ஆஸ்திரேலியாவுல வாரனும் மார்ஷலும் 1980-கள்ல கண்டுபிடிச்சாங்க. 1984-ல மார்ஷல் அந்தக் கிருமியைக் கரைச்சுக் குடிச்சே காட்டினார். 2005-ல நோபல். இந்தக் கிருமி சில பேருக்கு இரைப்பை முழுக்கப் பரவி அமிலச் சுரப்பையே மந்தமாக்கிடும். அமிலம் கம்மின்னா மேலே வர்றதும் கம்மி. கிருமி இருக்கிற கூட்டத்துல அடினோகார்சினோமா குறைவா இருக்கிறது பல ஆய்வுகள்ல தெரிய வந்திருக்கு. அதுக்காக அதைக் கொஞ்ச வேண்டியதில்லை, அல்சரும் இரைப்பைப் புற்றும் கொடுக்கிறதும் அதே கிருமிதான்.

அந்த 43.5 மடங்கைப் பத்தியும் ஒண்ணு சொல்லணும். எதோட மடங்கு அப்படிங்கறதுதான் கேள்வி. ரொம்ப அரிதான ஒரு விஷயம் பல மடங்கு ஆனாலும் பெரும்பாலான பேருக்கு வராது. டென்மார்க்ல பாரெட் உள்தோல் இருக்கிற 11,028 பேரைத் தொடர்ந்து பார்த்து 2011-ல ஒரு கணக்கு போட்டாங்க. வருஷத்துக்கு 0.12 சதவீதம் பேருக்குத்தான் புற்று. அதாவது ஆயிரம் பாரெட் ஆளுங்கள்ல வருஷத்துக்கு ஒருத்தர் சொச்சம். அதுவும் ஏற்கெனவே உள்தோல் மாறினவங்கள்ல. சும்மா கரிக்கறவங்களுக்கு இன்னும் எவ்வளவோ கம்மி. பெண்களுக்கு ஆண்களை விடவும் கம்மி.

இதை எல்லாம் அம்மாகிட்ட கலப்பை மாதிரி உழுது சொல்லிப் பார்த்தேன். "நீ என்ன டாக்டரா?" ஒரே கேள்வியில முடிச்சுட்டாங்க. சரின்னு எண்டோஸ்கோபிக்கு அழைச்சுட்டுப் போனோம். சின்னதா ஒரு ஹெர்னியா, பாரெட் இல்லை. இப்போ தலைப்பக்கம் கட்டில் காலுக்கு ரெண்டு செங்கல், ராத்திரி ஏழு மணிக்கே சாப்பாடு, டாக்டர் சொன்ன மாத்திரை.

மாத்திரை கதையையும் சுருக்கமாச் சொல்லிடறேன். 1976-ல ஜேம்ஸ் பிளாக் குழுவோட சிமெட்டிடின், 1988-ல ஸ்வீடன்ல ஓமெப்ரசோல். இதுங்க வந்த பிறகுதான் அல்சர் ஆபரேஷன் கிட்டத்தட்ட மறைஞ்சே போச்சு. சாமர்வெல் இருந்திருந்தா ஆச்சரியப்பட்டிருப்பார், அவர் 1975-லேயே இறந்துட்டார். மாத்திரை எரிச்சலை நிறுத்தும், புண்ணை ஆத்தும். மாறிப் போன உள்தோலை பழையபடி திருப்புமான்னா, பெரும்பாலும் இல்லை. 2018-ல பிரிட்டன்ல முடிஞ்ச ஆஸ்பெக்ட் என்கிற ஆய்வு, 2,500-க்கும் மேல பாரெட் நோயாளிகள், அதிக அளவு அமிலத் தடுப்பு மாத்திரையும் ஆஸ்பிரினும் சேர்த்துக் கொடுத்தா புற்றும் மரணமும் தள்ளிப் போகுதுன்னு காட்டியது. ஆஸ்பிரின் ரத்தக்கசிவு சமாசாரம், மெடிக்கல் ஷாப்ல நாமளா வாங்கிப் போடற விஷயம் கிடையாது. சோறு இறங்காம சிக்கறது, காரணமில்லாம எடை குறையறது, கறுப்பா வெளிக்குப் போறது, இதெல்லாம் மாத்திரைக்குக் காத்திருக்கிற சங்கதியே இல்லை, கரிப்பு இருந்தாலும் இல்லாட்டியும் நேரா ஸ்கோப்தான். பெரியப்பாவுக்கு சோறு சிக்க ஆரம்பிச்சு ஆஸ்பத்திரிக்குப் போக நாலு மாசம் ஆச்சு.

கடைசியா வந்திருக்கிறது ஒரு நூல்ல கட்டின பஞ்சு. கேம்பிரிட்ஜ்ல ரெபெக்கா ஃபிட்ஸ்ஜெரால்ட் குழு பண்ணினது. ஹடயோகத்துல நீளத் துணியை முழுங்கி வெளியே இழுக்கிற தௌதின்னு ஒண்ணு கேள்விப்பட்டிருப்பீங்க, கிட்டத்தட்ட அதே டெக்னிக். மாத்திரை சைஸ் கேப்ஸ்யூலை நூலோட முழுங்கணும். சில நிமிஷத்துல கேப்ஸ்யூல் கரைஞ்சு உள்ளே இருக்கிற பஞ்சு விரியும். நர்ஸ் நூலைப் பிடிச்சு இழுத்தா, வர்ற வழியில உணவுக்குழாய் பூரா உரசி லட்சக்கணக்கான செல்களை ஒட்டிக்கிட்டு வந்துடும். அதுக்கு ஒரு சாயம் போட்டுப் பார்த்தா தூண் செல் மாதிரி மாறினது இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிடும். 2020-ல வந்த முடிவுப்படி, நெஞ்சு கரிப்புக்கு மருந்து சாப்பிடறவங்களை குடும்ப டாக்டர் கிளினிக்லயே இப்படிப் பார்த்தப்போ, வழக்கமான முறையில கண்டுபிடிக்கிறதை விட சுமார் பத்து மடங்கு பாரெட் கேஸ் சிக்கியிருக்கு. எண்டோஸ்கோபி ரூமும் வேணாம், மயக்க மருந்தும் வேணாம்.